கையாற் கற்ற பேரறிஞர் ஜி. டி. நாயுடு

ஒரு கல்லூரியின் விழா மலரிலே, பள்ளியைத் துறந்தோடிய ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது பொருந்துமோ என்னும் ஐயம் எமக்கும் எழாமலில்லை. இம்மலரின் பக்கங்களை அணி செய்வோருட் பெரும்பாலோர் கல்லூரி வாயில் வழியே புகுந்து, பரீட்சைப் படிகள் பலவற்றையும் முறையே கடந்து, வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் நியாயவாதியாகவும் விளங்குவோர். அவர்தம் பெருமையில் ஆசிரியராகிய எமக்கும் ஒரு சிறு பங்குண்டு. ஆயினும், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, பிற்காலத்தில் ஒரு பொறியியற் கல்லூரிக்கே அதிபராக வீற்றிருந்த ஒருவரும் தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்கின்றார். அவர்தாம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள்.

அன்னாரின் வரலாற்றை எழுதுமாறு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. இம்மலருக்கு விவரம் திரட்டும் பொருட்டுப் பழைய மாணவர் பலரை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகச் சென்று கண்டோம். கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றிலே மோட்டார் வண்டி திருத்தும் கராஜ் நடத்திவரும் ஒருவரையும் கண்டோம். எம்மைக் கண்டதும் அவர் எண்ணெய் படிந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, முன்னாளில் வகுப்பறையில் நின்றதுபோலவே எழுந்து நின்றார். மலரிலே தம் பெயர் வேண்டாம் என்றார். காரணம் வினவினோம். சாதாரணதரப் பரீட்சையிலே தாம் சித்தியெய்தவில்லை என்றும், கல்லூரிக்குச் சொல்லிக்கொள்ளத்தக்க பெயர் எதனையும் தாம் தேடித் தரவில்லை என்றும் தலை குனிந்தவாறு கூறினார். அவர் முன்னே ஒரு பலகையின்மீது சிறிய காரொன்றின் எஞ்சின் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு, வரிசை பிசகாது பரப்பி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு டர்போ பூட்டும்பொருட்டு அதனை வலுப்படுத்திக்கொண்டிருந்தார் அவர். அப்பலகையைக் கண்டபோதே எமக்கு நாயுடு அவர்களின் நினைவு வந்தது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னுஞ் சிற்றூரில், உழவர் குடும்பமொன்றிற் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் சிறிதும் ஒவ்வவில்லை. ஆசிரியரின்மீது மண்ணை வாரி வீசிவிட்டு அவர் ஓடிவிட்டார் என்றொரு கதையும் வழங்குவதுண்டு. ஆசிரியத் தொழிலில் ஆண்டு பல கழித்த எமக்கு அக்கதை நகைப்பையும் தருகின்றது. சற்றே நெஞ்சை உறுத்தவுஞ் செய்கின்றது. அறிவிற் சிறந்த ஒரு பிள்ளை அறிவாலயத்தை விட்டு ஓடுமாயின், குற்றம் முழுவதும் பிள்ளையினுடையதே என்று சொல்லிவிட எம்மால் இயலவில்லை.

ஊரிலே உழவு வேலை பார்த்துவந்த இளைஞரின் கண்முன் ஒருநாள் ஒரு புதுமை தோன்றிற்று. வெள்ளைக்கார வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளொன்றில் அவ்வழியே வந்தார். மாடுமின்றிக் குதிரையுமின்றித் தானே ஓடும் அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டது. அதுபோன்ற ஒன்றைத் தாமும் பெற்றே தீரவேண்டும் என்னும் வேட்கை அவரை ஊரிலே தங்கவிடவில்லை. காலால் நடந்து கோயம்புத்தூரை அடைந்தார். அங்கே உணவுச்சாலை ஒன்றிற் பரிமாறும் பணியாளராக அமர்ந்தார். கூலியிற் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்தார். ஈற்றில் ரட்ஜ் என்னும் ஆங்கில நாட்டு மோட்டார் சைக்கிள் ஒன்று அவருக்கு உடைமையாயிற்று.

வண்டியைப் பெற்ற இளைஞர் பிறர்போல அதில் ஏறி ஊரைச் சுற்றிப் பெருமை கொண்டாடுவதோடு நின்றாரல்லர். அதனைக் கழற்றினார், மீளப் பூட்டினார், மீண்டுங் கழற்றினார். பொருள்களை வாங்குவோர் உலகிற் பலர். வாங்கிய பொருளின் உள்ளே நுழைந்து பார்ப்போர் சிலரே. உள்ளே நுழைந்தபின் முன்னிருந்தவாறே அதனை இயங்கவைப்போர் மிகச் சிலர். கழற்றுதல் எவர்க்கும் எளிது. பூட்டியபின் அது ஓடவேண்டும். ஓடாவிடின் எங்கோ ஓரிடத்திற் பிழை நேர்ந்திருக்கின்றது என்பதை எஞ்சின் தயவு தாட்சணியமின்றிச் சொல்லிவிடும். பரீட்சைத் தாளிலே பாதி விடைக்குப் பாதிப் புள்ளி உண்டு. எஞ்சினிடம் பாதிப் புள்ளி கிடையாது. இத்தகைய கடுமையான பரீட்சகர் ஒருவரிடமே நாயுடு தம் கல்வியைத் தொடங்கினார் என்க.

அவர் கண்டுகொண்டது யாது? பெற்றோல் எஞ்சினின் உள்ளே சிலிண்டர் என்னுங் குழலொன்றுண்டு. பாடநூல்கள் முசலம் என்று கூறும் பிஸ்டன் அதனுள்ளே மேலுங் கீழுமாக ஓடுகின்றது. முதலிற் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெற்றோல் ஆவியுங் கலந்து உள்ளே உறிஞ்சப்படுகின்றன. இரண்டாவதாகப் பிஸ்டன் மேலேறி அக்கலவையை அழுத்துகின்றது. மூன்றாவதாக மின்பொறி தோன்றக் கலவை எரிந்து, பிஸ்டனைக் கீழே உந்தித் தள்ளுகின்றது. நான்காவதாகப் பிஸ்டன் மேலேறி எரிந்த வாயுவை வெளியே தள்ளுகின்றது. நான்கு அசைவுகளுள் வலுத் தருவது ஒன்றே. ஏனைய மூன்றும் அதற்கான ஆயத்தமும் முடிவுமாகும். ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளாயினும், நூறு பயணிகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸாயினும் அடிப்படை இதுவே. ஒன்றைக் கையால் நன்கறிந்தவர் மற்றதை அறியத் தடை யாது?

மோட்டார் மெக்கானிக் என்று பெயர் பெற்ற நாயுடு 1920ஆம் ஆண்டிலே பயணிகள் வண்டியொன்றை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே அதனைத் தாமே ஓட்டினார். முதலாளியும் சாரதியும் மெக்கானிக்கும் அவர் ஒருவரே. அவ்வொரு வண்டி சில ஆண்டுகளிற் பல வண்டிகளாகப் பெருகிற்று. யுனிவேர்சல் மோட்டார் சேர்விஸ் என்னும் அவருடைய நிறுவனம், ஒழுங்கான போக்குவரத்துச் சேவைக்கு இந்தியா எங்கணும் பெயர் பெற்றது. வழியிலே நின்றுபோகும் வண்டி முதலாளிக்கு நட்டம், பயணிக்குத் துன்பம். எஞ்சின் எவ்விடத்திற் பழுதுறும் என்பதை முன்கூட்டியே அறிந்த ஒருவர் பஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தமையே அதன் வெற்றிக்கு அடிப்படை எனக் கொள்வது மிகையாகாது.

பொருள் சேர்ந்தபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மேனாடுகளுக்குச் சென்று தொழிற்சாலைகளைக் கண்டு மீண்டார். 1936ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கமராவிலே தாமே படம் பிடித்தார். உலர்மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பூட்டிய சவரக் கருவியொன்றை அமைத்து, ரசான்ற் என்னும் பெயரில் ஜேர்மனியிலே செய்வித்தார். மிக மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் பொறி, மோசடிக்கு இடந்தராத வாக்குப் பதிவுப் பொறி முதலியன அவர் சிந்தையில் உதித்தவற்றுட் சில. 1937ஆம் ஆண்டில், கோவைப் பீளமேட்டிலிருந்த அவருடைய தொழிற்சாலையில், டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களின் உழைப்பும் ஒன்றுசேர, இந்தியாவின் முதலாவது மின் மோட்டார் உருவாயிற்று. பாலசுந்தரம் அவர்கள் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் இன்று கோயம்புத்தூர் பெற்றிருக்கும் புகழின் வேர் அந்நாளில் ஊன்றப்பட்டதெனலாம்.

இனி, எம்மைப் போன்ற ஆசிரியர்கள் நின்று சிந்திக்கவேண்டிய இடத்துக்கு வருகின்றோம். 1945ஆம் ஆண்டில் நாயுடு அவர்களின் முயற்சியாற் கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. அக்காலச் சென்னை மாகாண ஆளுநர் ஆதர் ஹோப் அவர்களின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. பள்ளியை விட்டோடிய சிறுவர் கல்லூரியின் அதிபரானார். ஆனால் அப்பதவியில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. பொறியியற் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் வேண்டும் என்றது அரசு. நான்கு ஆண்டுகள் வீணென்றும் இரண்டாண்டுகளே போதுமென்றுங் கருதினார் நாயுடு. அரசு இணங்கவில்லை, அவர் பதவியைத் துறந்தார். அக்கல்லூரியே வேறிடத்துக்குப் பெயர்ந்து, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகத் திகழ்கின்றது. அது முன்னிருந்த பகுதியைக் கோவை மக்கள் இன்றும் ஹோப்ஸ் என்றே அழைப்பர்.

நாயுடு அவர்கள் கூறியது சரியா? முழுவதுஞ் சரியென்று கொள்ள எம்மால் இயலவில்லை. அவர் தம்மைக் கொண்டே பிறரை அளந்தார். பத்து நாளில் ஓர் எஞ்சினின் நுட்பத்தைக் கற்கும் ஒருவருக்கு நான்கு ஆண்டுகள் நெடிதாகவே தோன்றும். பொது மாணவனோ படிப்படியாகவே ஏறவேண்டியவன். எனினும் அவருடைய மனக்குறையில் ஓர் உண்மை பொதிந்திருந்தது. ஆண்டுகள் நான்கோ இரண்டோ, அவ்வாண்டுகளில் மாணவன் எத்தனை முறை ஒரு பொறியைத் தன் கையாற் கழற்றிப் பூட்டினான் என்பதையே அவர் கேட்டார் என எமக்குத் தோன்றுகின்றது. அவ்வினாவுக்கு இன்றும் எம்மிடம் நல்ல விடையில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னுஞ் சான்றிதழை யாம் பெற்ற நாளிலும், நூலிற் படித்தவற்றைவிட, பரீட்சகர் பின்வரிசையில் அமர்ந்திருக்க உண்மையான பிள்ளைகள் முன்னின்று நடத்திய பாடமே எம்மை ஆசிரியராக்கிற்று என்பதை மறைத்தல் தகாது.

1952ஆம் ஆண்டில் நாயுடு அவர்கள் தம் வாழ்நாட் கனவுகளுள் ஒன்றைக் கண்முன் நிறுத்தினார். இருவர் அமரக்கூடிய சிறிய பெற்றோல் கார் அது. விலை 2,000 ரூபா. கார் என்பது செல்வரின் உடைமை என்றிருந்த காலத்திலே, எளிய குடும்பத்தாருக்கும் எட்டும் விலையில் ஒரு வண்டி! ஆனால் இந்தியப் பாராளுமன்றம் 1951ஆம் ஆண்டிலே கைத்தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருந்தது. அது 1952ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசின் அனுமதிப் பத்திரமின்றிப் பெருந்தொழில் எதனையும் தொடங்கலாகாது. நாயுடுவின் காருக்கு அனுமதி கிட்டவில்லை. உற்பத்தி நின்றது. கார் செய்யத் தெரிந்த கைகள் இருந்தன; கார் வாங்க விழைந்த மக்கள் இருந்தனர்; இடையிலே ஒரு தாள் இல்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து இழப்பின் அளவு புலனாகும். எளியோர்க்கான சிறிய காரென்று மாருதி 800 இந்திய வீதிகளில் ஓடத் தொடங்கியது 1983ஆம் ஆண்டின் இறுதியிலேயாம். அதன் எஞ்சினும் யப்பானிய சுசூகி நிறுவனத்தின் வழிவந்தது. ஓர் இலட்சம் ரூபா விலையில் மக்கள் காரென்று ராட்டா நிறுவனத்தார் நானோவை வெளியிட்டது 2009ஆம் ஆண்டிலே. இவ்விரு வண்டிகளையும் கொழும்பு வீதிகளிலும் யாம் கண்டிருக்கின்றோம். நாயுடுவின் இருவர் வண்டி 1952இலேயே உற்பத்திக்குச் சென்றிருப்பின், மூன்று பதிற்றாண்டுகளில் அது எவ்வாறு வளர்ந்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இவ்விடத்தில், மற்றொரு நாட்டின் மற்றொரு மனிதரை நாயுடு அவர்களோடு ஒப்புநோக்குதல் பயன்தரும். சுவிற்சர்லாந்து நாட்டு வின்ரதூர் நகரிலே 1879ஆம் ஆண்டிற் பிறந்தவர் அல்பிரட் பியூக்கி. தந்தையார் அந்நகரின் சுல்சர் பொறித் தொழிற்சாலையில் உயர்பதவி வகித்தவர். மகன் சூரிச் தொழில்நுட்ப உயர்கல்லூரியிற் பயின்று பொறியியலாளரானார். எரிந்தபின் எஞ்சின் வெளியே தள்ளும் வாயுவோடு, எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீணே போகின்றது. அவ்வாயுவைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிற் பூட்டிய மற்றொரு சக்கரத்தினாற் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள்ளே செலுத்தினால், சிறிய எஞ்சினும் பெரியதன் வேலையைச் செய்யும் என்பது அவர் கண்ட உபாயம். டர்போ என்பது இதுவே. இதற்கான புனைவுரிமையை அவர் 1905ஆம் ஆண்டிலே பதிந்தார். ஆனால் பயன்படத்தக்க வெற்றி கிட்டியது 1925ஆம் ஆண்டில். இருபது ஆண்டுகள் கழித்து. அவர் முறைப்படி அமைந்த இரு ஜேர்மன் கப்பல்களின் எஞ்சின்கள் 1,750 குதிரைவலுவிலிருந்து 2,500 குதிரைவலுவுக்கு உயர்ந்தன. 1959ஆம் ஆண்டு அவர் மறைந்தார். விற்பனைக்கு வந்த கார்களில் டர்போ முதன்முதலாக இடம்பெற்றது 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே.

பியூக்கிக்குக் கல்லூரி இருந்தது; அவர் தோல்விகளைத் தாங்கிக்கொள்ள ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தது; ஒரே எண்ணத்தை இருபது ஆண்டுகள் பற்றி நிற்கும் பொறுமையும் இருந்தது. நாயுடுவுக்கோ இருந்தவை இரு கைகளும் அடங்காத வேட்கையுமே. அவர் ஒன்றை முடித்தவுடன் மற்றொன்றை நாடினார். எஞ்சினிலிருந்து வானொலிக்கும், வானொலியிலிருந்து பருத்திக்கும் பப்பாளிக்கும் தாவினார். அவருடைய தோட்டத்தைக் காண சேர் சி. வி. இராமனும் சேர் விசுவேசுவரையரும் வந்தனர் என்பது பெருமையே. ஆயினும் அவர் தொடங்கியவற்றுட் பல அவரோடே நின்றுவிட்டன. அனுமதி மறுத்த அரசு அதற்கு ஒரு காரணம். ஒரு கருத்தைப் பலர் கூடி நெடுங்காலஞ் சுமந்து செல்லும் அமைப்பு அவரைச் சூழ இல்லாதிருந்தமை மற்றொரு காரணம். கல்லூரி என்பது தரவேண்டியது இவ்வமைப்பையே என எமக்குப் படுகின்றது.

இப்பொழுது கொட்டாஞ்சேனைக் கராஜுக்குத் திரும்புவோம். பலகைமீது கிடந்தது 660 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள யப்பானிய எஞ்சின். மூன்று சிறு சிலிண்டர்கள். ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவே. டர்போவைக் கொணர்ந்து பூட்டிவிட்டாற் போதாதா, எதற்கு எஞ்சினைக் கழற்றவேண்டும் என்று யாம் வினவினோம். எம் முன்னாள் மாணவர் அன்று எமக்கு ஆசிரியரானார். டர்போ இன்றி ஓடப் பிறந்த எஞ்சினின் உறுப்புகள் அதற்குரிய அழுத்தத்தையே தாங்குவன என்றார். முதலிற் சிலிண்டரின் தேய்மானத்தை அளக்கவேண்டும். வார்த்துச் செய்த பிஸ்டன்களை நீக்கி, அடித்து உருவாக்கிய வலிய பிஸ்டன்களை இடவேண்டும். அவற்றைச் சுழல்தண்டோடு இணைக்கும் கோல்களையும் வலியனவாக மாற்றவேண்டும். டர்போ முன்னரே காற்றை அழுத்தித் தருவதால், சிலிண்டருக்குள் நிகழும் அழுத்த விகிதத்தைச் சற்றுக் குறைக்கவேண்டும். இன்றேல் கலவை உரிய வேளைக்கு முன்னே தானாக வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும். சிலிண்டர்த் தலையின் காஸ்கட்டும் ஆணிகளும் உறுதியானவையாதல் வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இலட்சத்துக்கும் மேலான சுற்றுச் சுழலும் டர்போவின் அச்சுக்குத் தூய எண்ணெய் இடையறாது ஓடவேண்டும். அழுத்தத்தாற் சூடேறிய காற்றைக் குளிர்விக்கத் தனியே ஒரு குளிராக்கி வேண்டும். வரும் காற்றுக்கேற்பப் பெற்றோலும் கூடுதலாக வரவேண்டும். இவையெல்லாம் முடிந்தபின்னரே டர்போ.

முதலில் டர்போவைப் பூட்டிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று அவசரப்படுவோர், சில நாளில் உடைந்த எஞ்சினோடு தம்மிடம் திரும்பி வருவதாகவும் அவர் கூறினார். அவரிடம் விடைபெற்றுத் திரும்பும் வழியெல்லாம் எமக்கு அவ்வார்த்தையே காதில் ஒலித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எம் பிள்ளைகள் விடிகாலையில் ஒரு தனியார் வகுப்பு, பள்ளி முடிந்தபின் இரண்டு, ஞாயிற்றுக்கிழமையில் மூன்று என்று அழுத்தத்தின்மேல் அழுத்தம் ஏற்றப்பெற்று ஓடுகின்றனர். உள்ளுறுப்பை யார் அளந்தார்? எவ்வழுத்தத்தை எப்பிள்ளை தாங்கும் என்று யார் பார்த்தார்? பரீட்சையில் உடைந்துபோன பிள்ளையைச் சோம்பேறி என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோம். கராஜில் நிற்கும் மெக்கானிக் எஞ்சின்மீது அவ்வாறு பழி சுமத்துவதில்லை. தான் செய்யத் தவறியதைத் தேடுகின்றான்.

நாயுடுவின் காரில் டர்போ இருக்கவில்லை. ஆனால் அவர் வாழ்வின் தொடக்கம் அந்தப் பலகையின்மீது கிடந்தவாறே கிடந்தது: கழற்றப்பட்ட ஓர் எஞ்சின், அதன்முன் பட்டமில்லா ஓர் இளைஞர். எம் நாட்டிலும் இத்தகையோரின் உழைப்பை நாம் உண்ணாத நாளில்லை. 2020ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்திலே, பஞ்சிகாவத்தைக் கடைகளிற் பழைய உறுப்புகளைத் தேடி எடுத்து, தேய்ந்த எஞ்சின்களை மீண்டும் மீண்டும் உயிர்ப்பித்து, நம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளரை வைத்தியசாலைக்கும் கொண்டுசேர்த்தவர்கள் இவர்களே. இவர்களுட் பலர் ஏதோ ஒரு கல்லூரியின் பழைய மாணவர். ஆனால் எக்கல்லூரியின் பெயர்ப்பட்டியலிலும் இல்லாதவர்.

நாயுடு அவர்கள் 1967ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிலே நிரந்தரத் தொழிற்காட்சி ஒன்றை நிறுவினார். பொருள்களைக் கண்ணாற் கண்டு இளைஞர் கற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். 1974ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் நாள் அன்னார் மறைந்தார். அவர் குடும்பத்தார் பழைய கார்களுக்கென 2015ஆம் ஆண்டில் ஒரு நூதனசாலையும் அங்கு திறந்துள்ளனர். 2025ஆம் ஆண்டு ஒக்ரோபரில், கோவை அவிநாசி வீதியில் 10 கிலோமீற்றருக்கு மேல் நீளும் உயர்மட்டப் பாலமொன்று திறக்கப்பட்டு, அதற்கு அவர் பெயர் இடப்பட்டது. அது அவர் கல்லூரி தொடங்கிய ஹோப்ஸ் பகுதியினூடாகவே செல்கின்றது. கால்நடையாகக் கோவைக்கு வந்த இளைஞரின் பெயரால் இன்று மோட்டார் வண்டிகள் விரைகின்றன.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு எமது வேண்டுகோள் இரண்டு. அடுத்த பட்டியலைத் தொகுக்கும்போது, வைத்தியரோடும் பொறியியலாளரோடும் தச்சரையும் மெக்கானிக்கையும் மின்வேலை செய்வோரையும் தேடிச் சென்று சேர்த்துக்கொள்ளுங்கள்; வேண்டாம் என்று அவர்கள் தலை குனிந்தாலும் விடாதீர்கள். இரண்டாவதாக, கல்லூரியின் ஒரு மூலையிலே பழைய எஞ்சினொன்றும் ஒரு பலகையும் சில கருவிகளும் இருக்கட்டும். உயர்தர வகுப்பாரும் பரீட்சையிற் பின்தங்கியோரும் ஒருங்கே நின்று அதனைக் கழற்றிப் பூட்டட்டும். கொட்டாஞ்சேனை அன்பர் சனிக்கிழமைகளில் வந்து கற்பிக்க இசைந்திருக்கின்றார். எஞ்சினையும் தாமே தருவதாகச் சொல்லியிருக்கின்றார். தம் பெயரை மலரிலிடும் பேச்சுக்கு மட்டும் அவர் இன்னும் இணங்கவில்லை. அவருடைய இசைவைப் பெறும்வரை யாமும் இங்கு அதனைக் குறிக்கவில்லை. அடுத்த மலரில் அப்பெயர் இடம்பெறும் என்னும் நம்பிக்கையோடு, கல்லூரி அன்னையை வணங்கி அமைகின்றோம்.